ஐயமா, திரிபா? – கணனி உணரிகளின் பிறழ்வாசிப்பு எழுப்பும் அறவினா

பலர் ஒன்றைக் கூற, ஒருவர் மட்டும் வேறொன்றைக் கூறுவாராயின் அவ்வொருவரை நாம் எவ்வாறு நடத்துதல் வேண்டும்? வழக்கு மன்றத்திலும் வரலாற்றாய்விலும் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் இவ்வினா, இன்று கணனிகளுக்குள்ளே ஓயாது எழுப்பப்படுகின்றது. கண்ணிமைக்கும் பொழுதில் விடையும் அளிக்கப்பட்டு விடுகின்றது. வெப்பம், அழுத்தம், சுழற்சி, ஒளி ஆகியவற்றை அளந்து எண்களாக மாற்றித் தரும் கருவிகளை உணரிகள் என்கிறோம். அவை தரும் எண்களுள் இயல்பானது எது, பிறழ்ந்தது எது எனப் பிரித்தறியும் பணி புள்ளிவிபரவியலிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இது பொறியியலாளர்க்கும் கணிதவியலாளர்க்கும் உரிய விடயம். கலைப்பீடத்தார்க்கு இதனோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளர். ஒரு சாட்சியத்தை எவ்வாதாரத்தின்மேல் ஏற்பது அல்லது தள்ளுவது என்பது அறிவாராய்ச்சியியலுக்குரிய வினா. தவறாக ஏற்பதாலும் தவறாகத் தள்ளுவதாலும் விளையும் கேட்டினை யார் சுமப்பது என்பது ஒழுக்கவியலுக்குரிய வினா. இவ்விரண்டும் இங்கு ஒருங்கே நிற்கின்றன. புள்ளிவிபரவியல் ‘இது அரிது’ என்று மட்டுமே கூறவல்லது. ‘இது பொய்’ என்று கூறும் தகுதி அதற்கில்லை. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்பவன் மனிதனே. ஆகவே அதற்கான பொறுப்பும் அவனையே சாரும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் முறையினைச் சுருக்கமாக நோக்குவோம். கணனியின் உள்ளே, மத்திய முறைவழி அலகின் வெப்பநிலையை அளக்கும் உணரி ஒன்று உண்டு. அது தரும் வாசிப்புகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் இடை கிடைக்கின்றது. வாசிப்புகள் அவ்விடையைச் சூழ்ந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவே நியம விலகல். வாசிப்புகள் செவ்வன் பரம்பலைத் தழுவி அமையுமாயின், அவற்றுள் ஏறத்தாழ 99.73 சதவீதமானவை இடையின் இருமருங்கிலும் மூன்று நியம விலகல் தூரத்துள் அடங்கிவிடும். இதனாலேயே அவ்வெல்லைக்கு அப்பால் விழும் வாசிப்பினைப் பிறழ்வு எனக் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இவ்வழக்கத்தினுள் மறைந்து கிடக்கும் கணக்கு ஒன்றினைக் கவனித்தல் வேண்டும். 99.73 சதவீதம் உள்ளே எனின், 10,000 வாசிப்புகளுள் 27 வெளியே நிற்கும். உணரியொன்று செக்கனுக்கு ஒரு வாசிப்பு வீதம் தந்தால் நாளொன்றுக்கு 86,400 வாசிப்புகள் சேரும். எவ்விதக் குறையுமற்ற உணரி, எவ்விதப் பழுதுமற்ற கணனியை அளந்து கொண்டிருக்கும்போதும், அவற்றுள் ஏறத்தாழ 233 வாசிப்புகள் எல்லையைத் தாண்டவே செய்யும். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. ஒன்றேனும் ஆபத்தின் அறிகுறியுமன்று. இயற்கையின் சாதாரண ஏற்றத்தாழ்வு தன் இயல்பின்படி நடந்துகொண்டதன் விளைவே அவை. அரிதாக நிகழ்வது வேறு, தவறாக நிகழ்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நாள்தோறும் 233 தடவை எச்சரிக்கை மணி ஒலித்தால் அதனைக் கேட்டிருப்பவர் என்ன செய்வர்? ‘புலி வருகின்றது’ எனக் கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். மெய்யாகவே புலி வரும் நாளில் அம்மணி செவிகளில் விழாது போய்விடும்.

இதற்கு மறுதலையான குறைபாடும் உண்டு. பத்து வாசிப்புகள் பின்வருமாறு கிடைத்தன எனக் கொள்வோம்: 30, 31, 30, 29, 30, 31, 29, 30, 30, 90 பாகை செல்சியஸ். இறுதி வாசிப்பு ஏனையவற்றோடு ஒவ்வாதது என்பதைச் சிறு பிள்ளையும் கூறிவிடும். ஆனால் மேற்கூறிய முறை அதனைக் கூறுவதில்லை. இப்பத்தின் இடை 36. நியம விலகல் 18இனைச் சற்றே விஞ்சியது. இடையோடு மூன்று நியம விலகலைக் கூட்டினால் 90இற்குச் சிறிது மேலான எல்லை கிடைக்கின்றது. எனவே 90 பாகை என்ற வாசிப்பு எல்லைக்கு உள்ளேயே நின்று ‘இயல்பானது’ என்ற சான்றிதழையும் பெற்றுவிடுகின்றது. அது 900 ஆக இருந்திருந்தாலும் முடிவு மாறியிராது. பத்து வாசிப்புகளைக் கொண்ட தொகுதியில், அத்தொகுதியிலிருந்தே இடையும் நியம விலகலும் கணிக்கப்படும்போது, எந்தவொரு வாசிப்பும் மூன்று நியம விலகலைத் தாண்ட முடியாது என்பது கணித உண்மை. தன்னை அளக்க வரும் கோலினைத் தானே வளைத்துவிடும் வல்லமை மிகப் பெரிய பிறழ்வுக்கு உண்டு. குற்றஞ் சாட்டப்பட்டவனே நடுவர் குழுவில் அமர்ந்திருப்பதைப் போன்றது இது.

இக்குறையை நீக்கப் புள்ளிவிபரவியலாளர் வேறு அளவைகளை வகுத்துள்ளனர். வாசிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் இடையம் கிடைக்கும். மேற்காட்டிய தொகுதியின் இடையம் 30. ஒவ்வொரு வாசிப்பும் 30இலிருந்து விலகி நிற்கும் தூரங்களை மீண்டும் அடுக்கி அவற்றின் இடையத்தைக் கண்டால் அது அரைப் பாகையாகும். 90 என்ற வாசிப்போ 60 பாகை விலகி, அவ்விலகலின் 120 மடங்கு தொலைவில் தனித்து நிற்கின்றது. உரத்த குரலால் இடையத்தை அசைக்க முடியாது. ஆயினும் இம்முறையும் ‘90 என்பது மிக அரிது’ என்று மட்டுமே கூறுகின்றது. உணரி பழுதடைந்ததா, குளிர்விக்கும் விசிறி நின்றுவிட்டதா, கணனி அக்கணத்தில் கடும் பணியொன்றை மேற்கொண்டதா என்ற வினாக்களுக்கு அவ்வெண்ணினுள் விடை கிடையாது. கருவியே பழுதாயின் வாசிப்பைத் தள்ளலாம். விசிறி நின்றிருப்பின் அவ்வாசிப்பே அன்றைய நாளின் ஒரே பயனுள்ள வாசிப்பு.

இவ்விடர்ப்பாடு கணனியோடு பிறந்ததன்று. வானியலாளரை இது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது. ஒரே நட்சத்திரத்தைப் பன்முறை அளந்தபோது ஓரிரு அளவுகள் ஏனையவற்றினின்றும் வெகுவாக விலகி நின்றன. அவற்றை விலக்கிவிட்டுக் கணிப்பது பலரது வழக்கமாயிருந்தது. அவ்வாறு விலக்குவது காண்பவரது விருப்பத்தின்பாற் பட்டதாகிவிடும் எனப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தானியேல் பெர்னூலி ஐயுற்றார். விலகல் பெரிதென்ற காரணத்துக்காக மட்டும் எந்த அவதானத்தையும் தாம் தள்ளியதில்லை என்ற நிலைப்பாட்டை ஜேர்மன் வானியலாளர் பெசெல் 1838இல் வெளியிட்டார். 1852இல் அமெரிக்கரான பெஞ்சமின் பியர்ஸ், நிகழ்தகவின் அடிப்படையில் அவதானங்களைத் தள்ளுவதற்கான விதியொன்றை வகுத்தார். தனிமனித விருப்பின் இடத்தில் பொதுவிதியொன்று அமர்ந்தது. இது முன்னேற்றமே எனினும் அவ்விதியின் எல்லையை எங்கு வரைவது என்ற முடிவு மனிதன் கையிலேயே எஞ்சியது.

அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய வோல்ற்றர் ஷூஹார்ட் இதனை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. 1924இல் உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்கும் வரைபடத்தை உருவாக்கிய அவர், மூன்று நியம விலகல் என்ற எல்லையை இயற்கையின் கட்டளையாகக் காட்டவில்லை. இல்லாத காரணத்தைத் தேடியலைவதால் ஏற்படும் செலவு ஒருபுறம். இருக்கின்ற காரணத்தைக் கவனியாது விடுவதால் ஏற்படும் செலவு மறுபுறம். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, நடைமுறையில் ஏற்றதெனக் கண்ட எல்லையே அது. எல்லையை நெருக்கினால் பொய்யெச்சரிக்கை பெருகும். விரித்தால் மெய்யாபத்து தப்பிவிடும். இரு வழுக்களையும் ஒருங்கே ஒழிக்கும் எல்லை எதுவுமில்லை. எனவே எல்லையைத் தெரிவு செய்பவர், எவ்வழுவை எவ்வளவு தாங்கலாம், அதனைத் தாங்கப்போவது யார் என்பவற்றையும் உடன் தெரிவு செய்கின்றார். சூத்திரத்தினுள் ஓர் எண்ணாகத் தோன்றும் ‘மூன்று’ என்பது உண்மையில் ஒரு விழுமியத் தீர்ப்பேயாகும்.

இங்கு நமது அளவை நூல்கள் வகுத்த பாகுபாடு ஒன்று பெரிதும் துணைபுரியும். காட்சி, கருதல், உரை என அறிவுக்குரிய வாயில்களை ஆராய்ந்த சைவசித்தாந்த நூலார், காட்சியைக் கெடுக்கும் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் வேறுபிரித்துக் காட்டினர். மாலை மங்கலில் தொலைவில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ எனத் துணியமாட்டாது நிற்றல் ஐயம். கிடப்பது கயிறாக இருக்க அதனைப் பாம்பென்றே துணிந்துவிடுதல் திரிபு. ஐயத்தில் துணிவில்லை, திரிபில் தவறான துணிவு உண்டு. ஐயமுற்றவன் அருகே சென்று பார்ப்பான்; திரிபுற்றவன் அதற்குத் தேவையேயில்லையென ஓடிவிடுவான். புள்ளிவிபரவியல் ஒரு வாசிப்பின்மீது இடும் குறி, ஐயத்தின் குறியேயாகும். அதனைத் திரிபின் குறியாகக் கொண்டு வாசிப்பை அழித்துவிடுவோமாயின், உணரியினிடம் உள்ளதெனக் கருதிய திரிபினை நாமே நம்மிடத்து உண்டாக்கிக் கொள்கின்றோம்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று என்பதை அந்தாட்டிக்காவின் ஓசோன் வரலாறு காட்டும். ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்லின் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர் மூவர், ஹலி விரிகுடா நிலையத்தில் நிலத்திலிருந்து எடுத்த அளவீடுகளை ஆராய்ந்து, ஒக்டோபர் மாதங்களில் ஓசோன் பெருமளவு குறைந்து வருவதை 1985 மே மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். முன்னர் 300 டொப்சன் அலகு அளவில் நின்றது 200இற்கும் கீழே இறங்கியிருந்தது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதி அதே வானத்தை ஆண்டுதோறும் அளந்து கொண்டிருந்தும், உலகுக்கு முதற்கண் அறிவித்தது பழைய நிலக்கருவியே. செய்மதித் தரவுகளைக் கையாண்ட கணனி, நம்ப முடியாத தாழ்ந்த வாசிப்புகளைப் பிழையெனத் தள்ளிவிட்டது என்ற கதை அன்று தொட்டுப் பரவியுள்ளது. இயந்திரத்தைப் பழிப்பதற்கு உகந்த கதைதான். ஆயினும் நடந்தது அவ்வாறன்று.

180 டொப்சன் அலகுக்குக் கீழான வாசிப்புகளைக் கணனி அழிக்கவில்லை. பிழையாக இருக்கலாம் எனக் குறியிட்டு வைத்தது. 1984இல் அக்குறிகள் அந்தாட்டிக்காவின்மேல், ஒக்டோபரில், திரண்டு நிற்பதை ஆய்வாளர் கண்டனர். தற்செயலான பிழைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் ஒரே பருவத்தில் திரளும் பிறழ்வுக்குப் பின்னால் பெரும்பாலும் காரணமொன்று இருக்கும். அவர்கள் அளவை நூலார் கூறியவாறே அருகே சென்று பார்க்க முயன்றனர். தென்முனை நிலையத்தின் நிலக்கருவி தந்த வாசிப்புகளோடு ஒப்பிட்டனர். அவையோ வழமைபோல் 300 அளவில் இருந்தன. செய்மதியின் மீதே ஐயம் வலுத்தது. ஆனால் பின்னர் தெரியவந்தது யாதெனில், பிழையாயிருந்தவை தென்முனை நிலையத்தின் அந்த ‘இயல்பான’ எண்களே. 1986இல் செய்மதித் தரவுகளே ஓசோன் குறைவின் முழுப் பரப்பையும் உலகுக்குக் காட்டின. 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. ஒன்று, எதிர்பார்ப்போடு ஒத்திருத்தல் உண்மைக்குச் சான்றாகாது. பிறழ்ந்த வாசிப்பினைச் சோதிக்க ஆயிரம் முறைகள் வகுக்கும் நாம், வழமையான வாசிப்பினைச் சோதிக்க ஒரு முறையும் வகுப்பதில்லை. பழுதடைந்த உணரியொன்று நாள்முழுதும் 30 என்ற ஒரே எண்ணைத் தந்து கொண்டிருந்தால், எல்லையைத் தாண்டாத காரணத்தால் அது நல்லுணரியெனவே மதிக்கப்படும். மற்றொன்று, குறியிடுவதற்கும் அழிப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு. குறியிடப்பட்ட வாசிப்புகள் பேணப்பட்டிருந்தமையால் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள முடிந்தது. அவை அழிக்கப்பட்டிருப்பின் ஆய்வாளர் தம் தவறைத் திருத்துவதற்குரிய வழியையும் உடன் அழித்தவராவர்.

பிறழ்ந்த வாசிப்பினை எப்பொழுதும் நம்புதலே அறம் என இதிலிருந்து முடிவு கொள்ளலாகாது. ஓசோன் வரலாற்றினை நாம் நினைவு கூர்வது அது அரிய நேர்வு என்பதனாலேயே. பிறழ்வுகளுட் பெரும்பாலானவை தளர்ந்த இணைப்பாலும் தேய்ந்த கருவியாலும் விளைபவை. 1983 செப்டெம்பர் 26ஆம் நாள், மொஸ்கோவுக்குத் தெற்கேயிருந்த கண்காணிப்பு நிலையத்தில், அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் புறப்பட்டதாகச் சோவியத் செய்மதித் தொகுதி அறிவித்தது. கடமையிலிருந்த அதிகாரி ஸ்ரனிஸ்லாவ் பெற்றோவ் அதனைப் பொய்யெச்சரிக்கை என மேலிடத்துக்கு அறிவித்தார். அணுவாயுதப் போரைத் தொடங்குவோர் ஐந்து ஏவுகணைகளோடு தொடங்குவார்களா என்ற சிந்தனை அவரை வழிநடத்தியது. நிலத்திலிருந்த ராடர்களும் எதனையும் காட்டவில்லை. உயர்ந்த முகில்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியையே செய்மதி ஏவுகணையெனக் கண்டது எனப் பின்னர் அறியப்பட்டது.

இதற்கு நேர்மாறான அவலம் போயிங் 737 மக்ஸ் விமானங்களுக்கு நேர்ந்தது. 2018 ஒக்டோபர் 29இல் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச் 10இல் எதியோப்பியாவிலும் அவ்வகை விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், மூக்கைக் கீழே தாழ்த்தும் தன்னியக்கத் தொகுதி ஒருவேளையில் ஒன்றினை மட்டுமே கேட்டு நடந்தது. அவ்வுணரி பொய்த்தபோது, மற்றைய உணரி மெய் கூறிக்கொண்டிருந்தும் கேட்பாரில்லை. பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தில், இரண்டின் வாசிப்புகளும் ஒப்பிடப்பட்டு, வேறுபாடு மிகும்போது அத்தொகுதி செயற்படாது நிற்குமாறு அமைக்கப்பட்டது. இருவர் முரண்பட்டால் எவர் பொய்யர் என்று அறியவியலாது போகலாம். ஆனால் முரண்பாடு உண்டு என்பதையாவது அறியலாம். ஐயத்தை அறிந்து கை நிறுத்துதலும் ஓர் அறிவே.

இங்கு எழக்கூடிய வலிய தடையொன்று உண்டு. டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட அற்புதங்கள் பற்றிய ஆய்வில், வழமைக்கு முரணான செய்தியை ஏற்குமுன் அச்செய்தி பொய்யாயிருத்தல் அதனினும் பெரிய அற்புதமாகுமா எனச் சீர்தூக்குமாறு கூறினார். 180 என்ற எல்லையை வகுத்தோர் இந்நெறியையே பின்பற்றினர்; அவர்களை மூடரெனல் பொருந்தாது. பெற்றோவும் இந்நெறிப்படியே நடந்தார். ஒரே நெறி ஓரிடத்தில் உலகைக் காக்க, மற்றோரிடத்தில் உண்மையைத் தாமதப்படுத்தியதேன்? ஹியூமின் தராசில் ஒரு தட்டில் வைக்கப்படுவது கடந்தகால அனுபவம். உலகு மாறாதிருக்கும்வரை அத்தட்டு நியாயமாகவே கனக்கும். உலகே மாறிவிட்டதா என்பதே வினாவாக அமையும்போது, கடந்தகாலத்தைக் கொண்டு நிகழ்காலத்தைத் தள்ளுதல் வினாவையே விடையாக்குவதாகும். பெற்றோவின் முடிவுக்கு அனுபவம் மட்டும் ஆதாரமாகவில்லை. வேறு கருவியொன்றின் மௌனமும் ஆதாரமாயிற்று. சான்று தேடிய பின்னரே தள்ளுதல் என்பதுதான் நெறியின் உயிர்நிலை.

ஒவ்வொரு வாசிப்பையும் இவ்வாறு ஆராய மனிதருக்கு நேரமேது என்பர் சிலர். உண்மையே. செக்கனுக்கு ஆயிரமாக வரும் எண்களை வடிகட்டக் கணனியை நாடுதல் தவறன்று. ஆயினும் அதனோடு மூன்று கடமைகள் பிணைந்துள்ளன. தள்ளப்பட்டதை அழியாது பேணுதல் முதலாவது. ஒரு சாட்சியை மட்டும் கொண்டு மீளாத செயலில் இறங்காதிருத்தல் இரண்டாவது. எல்லையை வகுத்தவர் யார், எக்காரணத்தால் வகுத்தார் என்பதை, அவ்வெல்லையின் வழுவால் துன்புறக்கூடியோர் கேட்டறியுமாறு வெளிப்படையாக வைத்தல் மூன்றாவது. ‘கணனி அவ்வாறு கூறிற்று’ என்பது விடையாகாது. கணனி கூறியது அரிது என்பதை மட்டுமே. எஞ்சியதைக் கூறியவருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, பொறுப்பும் உண்டு.

இம்முறைகள் இன்று உணரிகளோடு நின்றுவிடவுமில்லை. வங்கிக் கணக்கில் ஒருவரது செலவு வழமைக்கு மாறியதும், வலையமைப்பில் ஒருவரது நடத்தை ஏனையோரை ஒவ்வாததும் அதே கணிதத்தால் குறியிடப்படுகின்றன. உணரியைச் சந்தேகித்தால் உணரி வருந்துவதில்லை, மனிதர் வருந்துவர். பெரும்பான்மையினின்றும் வேறுபட்டு நிற்றலைக் குற்றத்தின் சாயலாகக் காணும் பழக்கம் நம்மிடையே இயந்திரங்களுக்கு முன்பே இருந்தது. அப்பழக்கத்துக்கு எண்களின் மதிப்பையும் சேர்த்துக் கொடுப்போமாயின் அதனை எதிர்த்து வாதிடுதல் முன்னையிலும் அரிதாகிவிடும். எண்ணொன்றினை நீதியுடன் நடத்தப் பயின்றவனே மனிதனையும் நீதியுடன் நடத்துவான் எனக் கூறத் துணியேன். ஆனால் ஐயத்தை ஐயமாகவே தாங்கி, அருகே சென்று பார்க்கும் பொறுமை இருவிடத்தும் வேண்டப்படுவது ஒன்றே. அப்பொறுமையைச் சூத்திரங்களில் எழுதி வைக்க முடியாது. சூத்திரங்களைக் கையாள்பவரே அதனைக் கொண்டுவருதல் வேண்டும்.